விளையாட்டிலேயே பொழுது போகிறதே!

கேள்வி: என் மூன்றரை வயது மகளை எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். அங்கே இன்னும் நான்கு குழந்தைகள். நாள் முழுக்க விளையாட்டுதான். ‘அ, ஆ’கூட எழுதச் சொல்வதில்லை. ப்ரீகேஜியில் சேர்த்துவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அவசரம் வேண்டாம். மூன்று முதல் எட்டு வயதினருக்காக மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட தேசியக் கலைத்திட்டமே விளையாட்டைத்தான் கற்றலின் மையமாக வைக்கிறது. பென்சில் பிடிக்கும் முன் விரல்களுக்கு வலு வேண்டும். மாவு பிசைவதிலும் காகிதம் கிழிப்பதிலும் அது தானாக வரும். பல்லாங்குழியில் குழிக்கொரு முத்தாகப் போடும்போது எண்ணிக்கை பிடிபடும். சொப்புச் சாமான் வைத்துக் கடை நடத்தினால் பேச்சு வளரும். தன் முறை வரும்வரை பொறுக்கவும் பழகுவார்கள். பல வயதுக் குழந்தைகள் சேர்ந்திருப்பது கூடுதல் லாபம்: சின்னவர்கள் பார்த்துக் கற்பார்கள், பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துத் தெளிவார்கள்.

ஆனால், கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. அக்கா கதை சொல்கிறாரா, பிள்ளைகளின் கேள்விகளுக்கு முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். டிவி, செல்போன் ஓடுகிறதா? இந்த வயதுக்கு நாளில் ஒரு மணி நேரத்துக்குமேல் திரை கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தைகளும் அங்கே இருந்தால் புளியங்கொட்டை, மணி போன்றவை அவர்களுக்கு எட்டக் கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

இதெல்லாம் சரியென்றால் தாராளமாக அங்கேயே விடுங்கள். மாலையில், “இன்னிக்கு யார்கூட, என்ன விளையாடினே?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் விதத்திலேயே எவ்வளவு கற்றிருக்கிறாள் என்பது தெரிந்துவிடும்.