ஆட்டின் கண்ணைக் காப்போம்

ஆட்டை ஏழையின் பசு என்பார்கள். ஆடு வளர்க்கப் பெரிய நிலம் வேண்டாம். பெரிய கொட்டகை வேண்டாம். நான்கு ஆடு இருந்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும். பள்ளிக்கூடச் செலவு வந்தால் ஒரு கிடாயை விற்கலாம். 2019ஆம் ஆண்டில் கால்நடைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது நம் நாட்டில் 14 கோடியே 88 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன.

ஆட்டுக்குக் கண் கெட்டால் என்ன ஆகும்? சரியாக மேய முடியாது. மந்தையோடு போக முடியாது. பள்ளத்தில் விழும். நாளுக்கு நாள் மெலியும். சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். ஆட்டின் கண் கெட்டால் குடும்பத்தின் வருமானமும் கெடும்.

நல்ல கண் எப்படி இருக்கும்?

நல்ல கண் பளபளப்பாக இருக்கும். நீர் வடியாது. பீளை கட்டாது. இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருக்கும். ஆட்டின் கண்மணி படுக்கை வாட்டில் நீளமாக இருக்கும். அது நோய் அல்ல. அதன் இயல்பு.

கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஆட்டுக்கு இரத்தம் குறைவு. வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கலாம். அதற்குக் குடற்புழு மருந்து தேவைப்படும்.

நோய் எப்படித் தொடங்கும்?

முதலில் கண்ணில் நீர் வடியும். கன்னத்து முடி நனைந்திருக்கும். ஆடு கண்ணைச் சுருக்கும். வெயிலைப் பார்க்காது. நிழலில் ஒதுங்கி நிற்கும். பிறகு கண் சிவக்கும். இமை வீங்கும். சில நாளில் கருவிழியின் மேல் வெள்ளை படரும். இதைத்தான் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறோம்.

பெரியம்மாவின் ஆடு

ஓர் ஊரில் ஒரு பெரியம்மா 5 வெள்ளாடுகள் வளர்த்தார். ஒரு சினை ஆட்டின் கண்ணில் பூ விழுந்தது. பெரியம்மா புகையிலையைக் கசக்கிச் சாறு எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"வேண்டாம் பெரியம்மா. பள்ளிக்கூடத் திடலில் கால்நடை முகாம் நடக்குது. டாக்டரம்மா வந்திருக்காங்க. ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்றாள்.

இருவரும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மருத்துவர் ஆட்டின் கண்ணைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு, அம்மா?"

"மூணு நாளா டாக்டரம்மா. புகையிலைச் சாறு விட்டா பூவை அரிச்சு எடுத்துடும்னு சொல்வாங்க."

"இது மேலே ஒட்டின பூ இல்லை அம்மா. கருவிழி வீங்கி நீர் கோத்திருக்கு. அதனால் வெள்ளையாத் தெரியுது. நடுவில் சின்னப் புண்ணும் இருக்கு. சாறு விட்டா பூவை அரிக்காது. கண்ணைத்தான் அரிக்கும்."

பெரியம்மா மடியிலிருந்து ஒரு குழாய் மருந்தை எடுத்தார். அது மகனுக்குக் கண் வலி வந்தபோது வாங்கியது.

"இதையாவது போடலாமா?"

மருத்துவர் குழாயைத் திருப்பிப் பார்த்தார். "இதன் கெடு முடிஞ்சு 8 மாசம் ஆச்சு. இதில் ஸ்டீராய்டும் கலந்திருக்கு. கருவிழியில் புண் இருக்கும்போது இதைப் போட்டால் புண் ஆறாது. ஆழமாகிக் கண்ணே ஓட்டையாகிப் போகலாம்" என்றார்.

"ஐயோ, என் ஆட்டுக்குக் கண் தெரியாமலே போயிடுமா?"

"பயப்படாதீங்க. சீக்கிரம் வந்துட்டீங்க. பெரும்பாலும் 2, 3 வாரத்தில் தெளிஞ்சிடும்."

மருத்துவர் கண்ணுக்கு உரிய களிம்பு தந்தார். அதைப் போடும் முறையையும் காட்டினார். மூன்றாவது வாரம் வெள்ளை குறைந்தது. ஒரு சிறிய தழும்பு மட்டும் நின்றது. ஆடு மந்தையோடு மேயப் போனது.

காரணங்கள் என்ன?

1. தொற்று. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் வருகிறது. ஈக்கள் ஒரு ஆட்டின் கண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த ஆட்டின் கண்ணில் உட்காரும். ஆடுகள் நெருங்கி நின்றாலும் பரவும். இதனால் ஒரே மந்தையில் பல ஆடுகளுக்கு வரும்.

2. தூசி, முள், புல் விதை. வழக்கமாக ஒரு கண்ணில் மட்டும் நீர் வடியும்.

3. கண்புழு. மெல்லிய வெள்ளைப் புழு இமைக்குள் நெளியும். இதையும் ஈக்களே பரப்புகின்றன.

4. உயிர்ச்சத்து ஏ குறைவு. பல மாதம் காய்ந்த தட்டையும் வைக்கோலும் மட்டும் தின்ற ஆட்டுக்கு வரலாம். அந்தி சாய்ந்ததும் ஆடு தடுமாறும். சுவரில் முட்டும்.

5. குட்டியின் இமை உள்ளே மடங்கி இருப்பது. இமை முடி கருவிழியில் உரசிப் புண்ணாக்கும். இதை மருத்துவர் எளிதில் சரிசெய்வார்.

6. பி.பி.ஆர். என்னும் ஆட்டுக் கொல்லி நோய். கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் சேர்ந்து வரும். இது ஆட்டைக் கொல்லும் நோய். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆடு நலமாக இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில் நோயுற்ற ஆட்டைத் தனியே கட்டுங்கள். நிழலான இடமாக இருக்கட்டும். வெயில் பட்டால் கண் கூசும், வலிக்கும். தீவனத்தையும் தண்ணீரையும் வாய்க்கு அருகில் வையுங்கள். இரண்டு கண்ணும் தெரியாத ஆடு, பக்கத்தில் தழை இருந்தும் பட்டினி கிடக்கும்.

பிறகு கண்ணைக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஒன்றரை தேக்கரண்டி தூள் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரையுங்கள். ஆறவிடுங்கள். சுத்தமான பஞ்சை இதில் நனைத்துப் பீளையைத் துடையுங்கள். ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சை அடுத்த கண்ணுக்கு வைக்காதீர்கள். கருவிழியில் குத்தி நிற்கும் முள்ளை நீங்களே பிடுங்க வேண்டாம்.

மருத்துவர் தந்த களிம்பை இப்படிப் போடுங்கள். ஒருவர் ஆட்டின் தலையைப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழ் இமையை இழுத்து உள்ளே களிம்பைப் பிதுக்க வேண்டும். குழாயின் நுனி கண்ணில் படக் கூடாது. ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை நாள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண் தெளிந்ததுபோல் தெரிந்தாலும் நாள் கணக்கைக் குறைக்காதீர்கள். ஊசி போட்டால் எத்தனை நாள் பாலைக் குடிக்கக் கூடாது என்றும் கேளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நலமான ஆடுகளுக்கு முதலில் தீவனம் வையுங்கள். நோயுற்ற ஆட்டிடம் கடைசியில் போங்கள். சாணியையும் புழுக்கையையும் தினமும் அள்ளுங்கள். குப்பை இல்லாத இடத்தில் ஈ குறையும். அகத்தி, முருங்கை, சூபாபுல் போன்ற பச்சைத் தழையை நாளும் கொஞ்சம் கொடுங்கள்.

படிக்கத் தெரிந்தால் பயன் உண்டு

மருந்துக் குழாயில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். ஒன்று மருந்து தயாரித்த மாதம். இன்னொன்று கெடு முடியும் மாதம். வாங்கும்போதே இரண்டையும் படியுங்கள். புரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள்.

ஆட்டுக்கு நோய் வந்தால் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தத் தேதியில் தொடங்கியது? வலக் கண்ணா, இடக் கண்ணா? எத்தனை ஆடுகளுக்கு இருக்கிறது? தீனி தின்கிறதா? இந்தத் தாள் மருத்துவருக்கு மிகவும் உதவும். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். 

மறக்க வேண்டாம்

புகையிலைச் சாறு, எருக்கம்பால், சுண்ணாம்பு எதையும் கண்ணில் விடாதீர்கள்.
வீட்டில் கிடக்கும் பழைய மருந்தைப் போடாதீர்கள்.
நிழலில் கட்டுங்கள். கழுவுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பூ விழுந்த கண்ணில் சாறு விட்டால் என்ன ஆகும்?
2. கண் நோயை ஈக்கள் எப்படிப் பரப்புகின்றன?
3. பெரியம்மாவின் பழைய மருந்தை மருத்துவர் ஏன் வேண்டாம் என்றார்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருந்தை எடுங்கள். அதன் கெடு எந்த மாதம், எந்த ஆண்டு முடிகிறது? படித்து எழுதுங்கள்.