குழாய்க்குள் துளிர்க்கும் வாயு

கேள்வி: மன்னார்க் கடலில் கண்டுபிடித்த எரிவாயுவைக் குழாயில் புத்தளம் கரைக்குக் கொண்டுவந்தால், வழியிலேயே திரவமாகிவிடாதா? – வாசகர், கற்பிட்டி

பதில்: ஓரளவு ஆகும். 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் தோண்டிய டொராடோ, பராகுடா கிணறுகளில் அகப்பட்டது பெரும்பாலும் வாயு; கூடவே கொஞ்சம் திரவத்துக்கான அறிகுறியும் இருந்தது. டொராடோவில் கடலின் ஆழம் 1,300 மீட்டருக்கு மேல். அவ்வளவு கீழே நமது வெப்பக் கடலும் குளிர்ந்துதான் கிடக்கிறது.

வாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் அந்தக் குளிரில் திரவமாகாது. தொல்லை தருபவை உடன்வரும் பென்டேன், ஹெக்சேன் போன்ற கனமான சேர்மங்களும் நீராவியும். துளி உருவாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால் இவை துளிகளாகும். வேடிக்கை என்னவென்றால், அழுத்தத்தைக் குறைத்தாலும் சிலவேளை திரவம் பிரியும். நீரோ உயரழுத்தத்தில் மீத்தேனுடன் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாகிக் குழாயையே அடைத்துவிடும்.

ஆழ்கடல் குழாய்களில் இதைத் தடுக்கக் கிணற்றடியிலேயே கிளைக்கோல் செலுத்துவது வழக்கம்.

கரையில் நீரையும் கனமானவற்றையும் பிரித்த பிறகும் காவல் ஓயாது. சிறு கண்ணாடியொன்றை வாயுவோட்டத்தில் வைத்து மெல்லக் குளிர்விப்பார்கள். எந்த வெப்பநிலையில் அதில் முதல் துளி படிகிறதோ அதுவே பனிநிலை. வாயுவின் கூறுகளை குரோமட்டோகிராப் கருவியால் பிரித்தறிந்து கணக்கிடுவதும் உண்டு. துளிகள் தப்பி, வாயுவில் ஓடும் மின்நிலையத்தின் டர்பைனுக்குள் புகுந்தால் அதன் தகடுகள் பாழ்.

புத்தளத்துக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. மன்னார் வாயு இன்னும் கரைசேரவில்லை. அங்குள்ள நுரைச்சோலை மின்நிலையமும் நிலக்கரியில்தான் ஓடுகிறது.