எதை முதலில் விளையாடலாம்? ரத்தப் புற்றுநோயிலிருந்து மீளும் குழந்தைக்கு வீட்டுப் பயிற்சி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது 'ஏ.எல்.எல்.' என்கிற ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள்கூட நீளும். கடுமையான முதல் மாதங்கள் முடிந்து, மாத்திரையோடு வீட்டில் கழியும் 'மெயின்டனன்ஸ்' காலம் வரும்போதுதான் பெற்றோருக்குச் சில விஷயங்கள் கண்ணில் படும். ஓடித் திரிந்த பிள்ளை படியேறக் கை நீட்டுகிறது. சட்டைப் பட்டனைப் போட விரல் ஒத்துழைப்பதில்லை.

இதற்குப் பெரும்பாலும் மருந்துகளே காரணம். வின்கிறிஸ்டின் கை, கால் நரம்புகளைத் தாக்கும். ஸ்டீராய்டு தொடை, இடுப்புத் தசைகளைத் தளர்த்தி எலும்பின் உறுதியையும் குறைக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை மெல்ல மெல்லச் சரியாகும். தினமும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் அந்த மீட்சிக்குத் துணையாக இருக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு: தானே முடிவு செய்யும் சுதந்திரம். சிகிச்சை நாள்களில் எப்போது ஊசி, என்ன சாப்பாடு, யார் பார்க்க வரலாம் என்று எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவு செய்தார்கள். அதனால் இங்கே சொல்லும் எல்லாப் பயிற்சிக்கும் ஒரே விதிதான்: என்னென்ன செய்யலாம் என்பதை நாம் சொல்லலாம், எது முதலில் என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும்.

1. மருத்துவரைக் கேளுங்கள், எண்களைப் பாருங்கள்

தொடங்குமுன் மருத்துவரின் அனுமதி அவசியம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பொதுவான வரம்புகள் இவை. உங்கள் மருத்துவர் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

* பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இருந்தால் குதிப்பது, பந்து, சைக்கிள் வேண்டாம். 20,000-க்குக் கீழே போனால் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.
* ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் உட்கார்ந்து விளையாடுவது போதும்.
* நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருந்தால் கூட்டத்தையும் மண் விளையாட்டையும் தவிருங்கள். விளையாட்டுப் பொருள்களைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுங்கள்.
* நெஞ்சிலோ கையிலோ மருந்துக் குழாய் வெளியே தெரிந்தால் நீச்சல் கூடாது. குழாய் இழுபடும் விளையாட்டும் கூடாது.

2. இன்றைய நிலையைக் குறியுங்கள்

குதிகாலை மட்டும் ஊன்றி ஐந்து அடி நடக்க முடிகிறதா? சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா? பட்டன் போட முடிகிறதா? இந்த மூன்றையும் தேதியோடு எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள். நடக்கும்போது முன்பாதம் தரையில் உரசினாலோ, கால் தடுக்கி அடிக்கடி விழுந்தாலோ உடனே பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பாதத்தைத் தாங்கும் பட்டை தேவைப்படலாம்.

3. காலுக்கு: பத்து நிமிடம்

குழந்தை காலை நீட்டி உட்காரட்டும். துண்டை முன்பாதத்தில் மாட்டி, இரு முனைகளையும் தன் பக்கம் மெதுவாக இழுக்கட்டும். இருபது எண்ணும்வரை பிடித்திருந்து, பிறகு விட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. கெண்டைக்கால் இழுபடுவது தெரியலாம், ஆனால் வலிக்கக் கூடாது.

அடுத்து குதிகால் நடை. சுவரோரமாகக் குதிகாலில் நடந்து போய்த் திரும்பி வர வேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். அது எளிதானதும் உயரம் குறைந்த முக்காலிக்கு மாறுங்கள். விளையாடும்போது பேச முடிந்தால் அளவு சரி. பேச்சுத் திணறினால் நிறுத்திவிடுங்கள். நொண்டி ஆடக் கேட்டால், கால் நிதானமும் பிளேட்லெட்டும் தேறியபின் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆடவிடுங்கள்.

4. விரலுக்கு: சமையலறையும் பல்லாங்குழியும்

கையைக் கழுவிவிட்டுச் சப்பாத்தி மாவை உருட்டி, கிள்ளி, பாம்பும் பறவையும் செய்யட்டும். பல்லாங்குழியில் ஒவ்வொரு சோழியாக எடுத்துப் போடுவது விரல் நுனிக்கு நல்ல வேலை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சிறு பொருள்களைத் தராதீர்கள், விழுங்கிவிடும். சிலேட்டில் புள்ளிக் கோலம் போடட்டும். மூன்று புள்ளியில் தொடங்கி, ஐந்து, ஏழு என்று கூட்டுங்கள். கோடு கோணலாக வந்தால் திருத்தப் போகாதீர்கள்.

5. மனதுக்கு: பொம்மையே நோயாளி

ஊசி முனை இல்லாத புது சிரிஞ்சு, பஞ்சு, பேண்டேஜ், ஒரு பொம்மை போதும். குழந்தை டாக்டராக இருக்கட்டும். பொம்மையைத் திட்டினாலும் பத்து ஊசி போட்டாலும் தடுக்காதீர்கள். "பாப்பாவுக்கு எங்க வலிக்குது டாக்டர்?" என்று கேளுங்கள். பொம்மைக்கு என்று சொல்லும் வலி பல நேரம் குழந்தையின் சொந்த வலியாகவே இருக்கும். அதைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். படம் வரைந்தால், "என்ன இது?" என்று விசாரிப்பதைவிட, "இதப் பத்திச் சொல்லு கண்ணு" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

6. "இன்னைக்கு வேணாம்மா" என்றால்

வற்புறுத்தாதீர்கள். "சரிடா தங்கம், துண்டு மட்டுமா, கோலம் மட்டுமா?" என்று கேளுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுங்கள். ஸ்டீராய்டு நாள்களில் எரிச்சலும் அழுகையும் வரும். அது பிடிவாதம் அல்ல, மருந்தின் வேலை.

உடனே பயிற்சியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

* காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.
* மூக்கில் ரத்தம், தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள், கடும் தலைவலி, மூச்சுத் திணறல் வந்தாலும் அப்படியே.
* இடுப்பு, முழங்கால் வலி தொடர்ந்தாலோ, நொண்டி நடந்தாலோ மருத்துவர் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவதும் சொடுக்கெடுப்பதும் கூடவே கூடாது.

உதவி எங்கே?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் குழந்தைக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஒருநாள் நீங்கள் கூப்பிடுமுன்பே குழந்தை சிலேட்டை எடுத்துப் புள்ளி வைத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் உங்களுக்கும் ஒரு சாக்பீஸ் எடுத்து வைத்திருக்கும். நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு அதையும் எழுதிவையுங்கள்.