சொத்தையே ஜாமீன் வைத்த ஊர்

கேள்வி: ஐயா, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒவ்வொரு நவம்பரிலும் கூட்டுறவு வார விழாவில் யாராவது ஒருவர் மேடையேறி ‘ஜெர்மனியின் ராய்ஃபைசன்’ என்று ஆரம்பிப்பார். பஞ்சத்தில் ரொட்டி கொடுத்த வள்ளல் என்பார். அதோடு இறங்கிவிடுவார். ரொட்டி கொடுத்த மனிதர் கடன் சங்கத்துக்கு எப்படி வந்தார்? பயிற்சியில் ‘வரம்பற்ற பொறுப்பு’ என்று ஒன்றை மனப்பாடம் செய்தோம். எவனோ வாங்கிய கடனுக்குத் தன் காட்டையும் வீட்டையும் எழுதிக் கொடுக்க எந்தச் சம்சாரி சம்மதிப்பான்?
— ஓய்வுபெற்ற செயலாளர், கோவில்பட்டி

பதில்: மேடைப் பேச்சாளர்கள் இறங்கிவிடும் இடத்தில்தான் அவர் கதையே தொடங்குகிறது.

ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ராய்ஃபைசன் வங்கிக்காரர் அல்ல. 1818-இல் ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில், ஸீக் ஆற்றங்கரையில் உள்ள ஹம் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. பதினேழு வயதில் பிரஷ்யப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்நோய் வந்து படையை விட்டார். அரசாங்கக் குமாஸ்தா வேலை பழகி, 1845-இல் வையர்புஷ் வட்டாரத்துக்கு மேயரானார். மேயர் என்றதும் மாநகராட்சியும் சிவப்பு விளக்குக் காரும் நினைவுக்கு வர வேண்டாம். சில சிற்றூர்களைச் சேர்த்து மேய்க்கிற உத்தியோகம், நம் பழைய மணியக்காரருக்கு ஒரு படி மேலே.

அடுத்த வருடமே விளைச்சல் பொய்த்தது. உருளைக்கிழங்கு அழுகியது, தானியமும் கை கொடுக்கவில்லை. அரசு தானியம் அனுப்பியது, ஆனால் ரொக்கம் கொடுப்பவருக்கே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ரொக்கம் இருப்பவன் எதற்கு மேயர் வாசலில் நிற்கப்போகிறான்? ராய்ஃபைசன் உத்தரவை ஓரமாக வைத்துவிட்டுக் கடனுக்குக் கொடுத்தார். வசதியானவர்களிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கினார், பொது அடுப்பு ஒன்று கட்டி ரொட்டி சுட்டார், கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு விற்றார். ரொட்டி கொடுத்த வள்ளல் என்பது முழுக்கச் சரியில்லை, பாருங்கள். ரொட்டியைக் கடனுக்கு விற்றவர். அவரைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம்.

அடுத்து ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற ஊருக்கு மாறினார். அங்கே பசியைவிட மாடுதான் பெரிய பிரச்சினை. நம் பக்கம் மாட்டை வாரத்துக்கு விடுவது உங்களுக்குத் தெரியும். அதே வழக்கம் அங்கேயும் இருந்தது. மாடு வியாபாரியுடையது, தொழுவமும் தீனியும் உழைப்பும் குடியானவனுடையது, கன்று போட்டால் பங்கு. அவசரத்துக்கு அதே வியாபாரியிடம் கைமாற்று. வட்டி ஏறி ஏறி ஒருநாள் மாட்டோடு நிலமும் போகும். 1849-இல் ஊரின் வசதியான அறுபது பேரைச் சேர்த்து ஓர் உதவிச் சங்கம் அமைத்தார் ராய்ஃபைசன். அந்த அறுபது பேரும் தங்கள் முழுச் சொத்தையும் கூட்டு ஜாமீனாக வைத்தார்கள். அந்த ஜாமீனைக் காட்டி வெளியே பணம் வாங்கி, மாடு பிடித்து, ஏழைகளுக்குத் தவணையில் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் கட்டி முடித்தால் மாடு அவனுடையது.

‘எந்தச் சம்சாரி சம்மதிப்பான்’ என்று கேட்டீர்களே, முதலில் கையெழுத்துப் போட்டவர்கள் சம்சாரிகள் அல்ல, பணக்காரர்கள். கிறிஸ்தவக் கடமை என்ற நினைப்பில் போட்டார்கள். மேயர் வீடு தேடி வந்து நிற்கும்போது மறுக்கவும் சங்கடம். ஆனால் வருடம் ஓட ஓட அவர்களுக்கு அலுத்துவிட்டது. 1852-இல் அவர் ஹெடஸ்டார்ஃபுக்கு மாறினார். அங்கே 1854-இல் தொடங்கிய தர்மச் சங்கத்திலும் அதே கதிதான். அது மாடு மட்டுமில்லாமல் அநாதைப் பிள்ளைகள், சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை, நூலகம் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டது. கொடுப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். வாங்குபவர்களுக்கோ அது தங்கள் சங்கமாகவே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடுகிறது. தர்மத்தை மனப்பூர்வமாக நம்பியவர், தர்மத்தால் ஓடாது என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டார். சந்தோஷமாக அல்ல, மனசில்லாமல்தான். 1862-இல் அன்ஹௌஸனிலும் 1864-இல் ஹெடஸ்டார்ஃபிலும் வந்த கடன் சங்கங்களில் விதி மாறியது: கடன் வேண்டுபவனே உறுப்பினராக வேண்டும், பொறுப்பிலும் பங்கெடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் வரம்பற்ற பொறுப்புக்கு வருவோம். ஒரு ஏழையின் அரை ஏக்கரை நம்பி நகரத்தில் எவனும் கடன் தரமாட்டான். நூறு பேரின் அரை ஏக்கரும் ஒரே ஜாமீனாகச் சேர்ந்தால் தருவான். இது பாதி விஷயம்தான். பக்கத்து வீட்டுக்காரன் பசு வாங்கவென்று கடன் எடுத்தான், அவன் கட்டாவிட்டால் என் காடும் போகும் என்றால் நான் என்ன செய்வேன்? காலையில் அவன் தொழுவத்தை எட்டிப் பார்ப்பேன். பசு நிற்கிறதா, இல்லை பணம் சாராயக் கடைக்குப் போனதா? சம்பளம் வாங்காத தணிக்கையாளர்கள் ஊர் முழுக்க. அதனால்தான் ஒரு திருச்சபை வட்டாரத்துக்கு மேல் சங்கம் பெருகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். முகம் தெரியாதவன் தொழுவத்தை யார் எட்டிப் பார்ப்பது? நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது, கணக்கருக்கு மட்டும் உண்டு. லாபம் பங்கு பிரியாமல் பொது நிதியில் சேரும்.

நகரத்துக் கைவினைஞர்களுக்குச் சங்கம் அமைத்த ஷூல்ட்ஸே-டெலிட்ஷ் இதையெல்லாம் கடுமையாகத் தாக்கினார். பங்குத்தொகை வேண்டும், குறுகிய தவணை வேண்டும், எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய வைப்புப் பணத்தை எடுத்து வருடக்கணக்கில் கடன் கொடுப்பது ஆபத்து என்றார். கணக்குப்படி அவர் சொன்னது நியாயம். ஆனால் மூன்று மாதத் தவணையில் எந்தக் கன்றுக்குட்டி பசுவாகும்?

ராய்ஃபைசனின் உடம்பு இந்தச் சண்டைக்கு முன்பே ஒத்துழைக்க மறுத்துவிட்டது. 1863-இல் மனைவி இறந்தார், பார்வை மங்கியது, 1865-இல் 47 வயதிலேயே பதவி போயிற்று. ஓய்வூதியம் போதாமல் சுருட்டுத் தொழிலும், பிறகு திராட்சை மது வியாபாரமும் செய்தார். மகள் அமாலி அவருக்குக் கண்ணாக இருந்தார். படித்துக் காட்டுவது, கடிதம் எழுதுவது, எல்லாம் அவர்தான். கடைசிவரை மணமாகாமலே இருந்துவிட்டார். 1866-இல் வந்த அப்பாவின் புத்தகம் கடன் சங்கங்களை நாடெங்கும் கொண்டுபோனது. அந்த உழைப்பில் அமாலிக்கு எவ்வளவு பங்கு என்று விழா மேடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு: கந்துவட்டியைச் சாடும்போது ராய்ஃபைசனின் எழுத்தில் யூத வெறுப்பும் கலந்திருந்தது. பெரியவர் என்பதற்காக அதை மூடிவைக்க வேண்டியதில்லை.

1888 மார்ச் 11-இல், எழுபது நிறைய மூன்று வாரம்கூட இல்லாதபோது இறந்தார். அப்போது நானூறுக்கும் மேல் சங்கங்கள். நெதர்லாந்தின் ராபோபேங்க் பெயரில் உள்ள முதல் எழுத்து அவருடையது.

அவர் பாடம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்த வழி சென்னை வழி. மதராஸ் மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன், இங்கே விவசாய வங்கி சாத்தியமா என்று ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். வங்கியை அல்ல, ராய்ஃபைசனைப் போன்ற மனிதர்களைத் தேடுங்கள் என்பதே அதன் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. மனிதரைத் தேடச் சொன்ன அறிக்கையிலிருந்து சட்டத்தில் எழுத முடிந்தது விதியை மட்டும்தான்: கிராமச் சங்கத்துக்கு வரம்பற்ற பொறுப்பு. நீங்கள் மனப்பாடம் செய்த வரி அதுதான்.