பல் கடித்தலும் பூச்சி மருந்தும்

தூக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிக்கும் பிள்ளையின் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்பது தமிழ் வீடுகளில் தலைமுறைகளாக நிலவிவரும் நம்பிக்கையாகும். ஏடிஎச்டி எனச் சுருக்கமாக வழங்கும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு மருந்து உண்ணும் பிள்ளையிடத்தில் இந்த நம்பிக்கை தீங்காகவே முடிகிறது. ஏனெனில், பூச்சி மருந்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாரங்களில், மருத்துவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு பக்கவிளைவு அவரிடம் சொல்லப்படாமலே போகிறது. குடற்புழுதான் பல் கடித்தலுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 2015 முதல் இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாளன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரை தேவையான மருந்தே எனினும், அதன் நோக்கம் புழுக்களால் நேரும் இரத்தசோகையையும் ஊட்டச்சத்து இழப்பையும் தடுப்பதேயன்றிப் பல் கடித்தலை நிறுத்துவதன்று.

ஏடிஎச்டிக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட், மூளையின் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் மீள உறிஞ்சப்படுவதைத் தடுத்து, அவற்றின் அளவை உயர்த்திக் கவனத்தை நிலைநிறுத்த உதவுகிறது. அதே டோபமின் தசைகளின் இயக்கத்தையும் நெறிப்படுத்துவதால், சில பிள்ளைகளுக்கு மெல்லும் தசைகள் தம்மையறியாமல் இறுகுகின்றன எனக் கருதப்படுகிறது. இம்மருந்தின் பக்கவிளைவுகளுள் ஒன்றாகப் பல் கடித்தல் மருந்து விவரக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது.

இதை அறிந்த பெற்றோர் மருந்தே முழுக் காரணம் என முடிவுகட்டித் தாமாகவே நிறுத்திவிடுவதும் உண்டு. அதுவும் தவறான முடிவே. மருந்தே உண்ணாத ஏடிஎச்டி பிள்ளைகளிடத்திலும் பல் கடித்தல் பிற பிள்ளைகளைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. மனப்பதற்றமும், மூக்கின் பின்புறத்துச் சதை வீக்கத்தால் நேரும் குறட்டையும் மூச்சுத்திணறலும்கூட அதனோடு தொடர்புடையவை. ஃபுளூவாக்சிட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு, பதற்ற மருந்துகளும் பல் கடித்தலைத் தூண்டக்கூடியவை என்பதால், பிள்ளை உண்ணும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம். மருந்து தொடங்குவதற்கு முன்பே இப்பழக்கம் இருந்ததா, அளவு கூட்டப்பட்ட பின் மிகுந்ததா, பகலில் எழுகிறதா இரவிலா என்று நேரத்தோடு குறித்துவைப்பது எந்த ஆய்வகச் சோதனைக்கும் குறையாத பயனுடையது. குறுகிய நேரம் செயல்படும் மாத்திரையின் வீரியம் ஏறத்தாழ 4 மணி நேரமும், மெல்ல வெளியிடும் வகையினது 8 முதல் 12 மணி நேரமும் நீடிப்பதால், காலையில் குறுகிய வகை மாத்திரையை உண்ட பிள்ளை நள்ளிரவுக்குப் பின் பல்லைக் கடித்தால் வேறு காரணங்களையும் தேட வேண்டியிருக்கும். அளவைக் குறைப்பதா, உண்ணும் நேரத்தையோ மருந்தின் வகையையோ மாற்றுவதா, வேறு மருந்துக்குச் செல்வதா என மருத்துவர் முடிவு செய்ய இக்குறிப்பே துணைசெய்யும். பெற்றோர் தாமாகவே நிறுத்திவிடுவதால் திடீரென மருந்தை இழக்கும் பிள்ளையோ, வகுப்பறையில் மீண்டும் கவனம் சிதறி, செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குகிறது.

தேய்வது பால்பல்தானே, எப்படியும் விழுந்துவிடும் என்ற ஆறுதல் பாதியளவே உண்மை. மெத்தில்ஃபெனிடேட் பொதுவாக 6 வயது முதல் பரிந்துரைக்கப்படுகிறது. ஏறத்தாழ அதே வயதில்தான் நிரந்தரக் கடைவாய்ப் பற்களுள் முதலாவது, எந்தப் பல்லும் விழாமலே, பால்பல் வரிசைக்குப் பின்னால் முளைப்பதால், பலர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய இப்பல்லின் மீது தேய்ந்துபோகும் எனாமல், அதாவது பல்லைப் போர்த்திய கடினமான மேலுறை, மீண்டும் வளர்வதில்லை. பல் தேயாமலிருக்கப் பெரியவர்களுக்குப் பொருத்தப்படும் இரவுநேரப் பல் உறையையோ, தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்குப் பல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் அணிவிக்கலாகாது. கடையில் கிடைக்கும் ஆயத்த உறையை வாங்கிப் பொருத்துவது பல்வரிசையின் வளர்ச்சிக்கே இடையூறாகக்கூடும்.