அலைக்கற்றை விதிகளும் பழைய கணினிகளும்
கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து 1902-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த மின்சாரம் வினாடிக்கு 25 சுழற்சி கொண்டது. பின்னர் நாட்டின் பொது அளவு 50 சுழற்சி என்றாயிற்று. அளவு மாறினால் பழைய இயந்திரங்கள் என்னாகும் என்பது சுரங்க வட்டாரத்துக்குப் புதிய கேள்வியன்று. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. கேள்வி மட்டும் கம்பியில்லா இணையத்தின் வழியே மீண்டும் எழுகின்றது.

மாரிகுப்பத்துப் பள்ளியொன்றில் பழைய லினக்ஸ் கணினியும் புதியதும் அருகருகே உள்ளன எனக் கொள்வோம். வைஃபை கருவி 100-ஆம் சேனலில், அதாவது 5500 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றது. புதிய கணினி இணைந்துவிடுகின்றது. பழையதில் அந்த இணைப்பின் பெயரே தோன்றுவதில்லை. கணினி பழுது எனக் கோப்பில் குறிப்பெழுதுவது எளிது. ஆனால் பழையதாகிப்போனது விதி அட்டவணையே.

2005-ஆம் ஆண்டு அறிவிக்கை 5150–5350, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளைக் கட்டடங்களுக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. 5470–5725 பகுதி 2018 அக்டோபரில்தான் சேர்ந்தது. நாடுவாரியான இவ்விதிகளை லினக்ஸ் ஓர் அட்டவணையாக வைத்துள்ளது. பழைய கெர்னல்களுக்கு அதனைத் தனி நிரல் ஒன்று படித்துக் கூறும். 2018 ஜனவரியில் வெளியான 4.15 முதல் கெர்னலே அதனை நேரில் படித்து, கையொப்பத்தையும் சரிபார்க்கின்றது. கோப்பின் வடிவமும் வேறு. ஆகவே புதிய கோப்பை மட்டும் நகலெடுத்து வைத்தால் பழைய கணினிக்குப் பயனில்லை.

சேனலின் அகலம் இதனினும் நுட்பமானது. 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் 5170 முதல் 5330 வரை பரவும். அட்டவணையிலோ 5250-இல் ஒரு விதி முடிந்து அடுத்தது தொடங்குகின்றது. ரேடாருக்கு வழிவிடும் நிபந்தனை இரண்டாவதற்கே உண்டு. 80 மெகாஹெர்ட்ஸ் நீளமுள்ள விதியில் அகலம் 160 என எழுதினால், கெர்னல் அவ்வொரு வரியை மட்டுமன்றி அந்நாட்டின் அட்டவணை முழுவதையுமே செல்லாததெனத் தள்ளிவிடும். இதற்கென 2014-இல் ஒரு குறியீடு வந்தது. விதியில் 80 என்றே இருக்கும். குறியீட்டை அறிந்த கெர்னல் அடுத்தடுத்த விதிகளைக் கூட்டி அகலத்தைக் கணக்கிடும், அறியாதது 80-உடன் நின்றுகொள்ளும். பழையதைக் கைவிடாமல் புதியதற்கு இடம் தரும் இம்முறை, சட்டம் வரைவோரும் கவனிக்கத்தக்கது.

பள்ளியில் செய்யவேண்டியது செலவில்லாதது. பழைய கணினியின் அட்டவணையைப் புதுப்பிக்கும்வரை, கருவியை 36-ஆம் சேனலில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மாற்றிவைத்தல் போதுமானது.