தோட்டத்துக்குப் போகும் தார்: எதை மாட்டலாம், எதை விடலாம்?

கேள்வி: சொந்த ஊர் போடிநாயக்கனூர். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரம் இரண்டு மூன்று தடவை போய் வர வேண்டும். இதற்காகவே மகிந்திரா தார் எடுத்தேன்; டீசல், எல்எக்ஸ், ஹார்டு டாப், ஃபோர் வீல் டிரைவ். தார்ச்சாலையை விட்டு இறங்கியபின் தோட்டம் வரை நாலு கிலோமீட்டர் செம்மண்ணும் கல்லும்தான். ஆடி மாதத்தில் ஒரு ஓடையைக் கடக்க வேண்டும், முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். போன மழையில் இரண்டு தடவை சேற்றில் சிக்கி, பக்கத்துத் தோட்டத்து ஜீப் வந்து சங்கிலி கட்டி இழுத்தது. மதுரையில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் கேட்டேன். முன்பக்க இரும்பு பம்பர், வின்ச், இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட், பெரிய எம்.டி. டயர், ஸ்நார்க்கல், கூரையில் எல்.இ.டி. பார், லக்கேஜ் கேரியர் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் சொல்கிறார்கள். என்னால் இரண்டு லட்சம்தான் முடியும். எதை முதலில் செய்வது? கேரள எல்லையில் பிடித்து அபராதம் போடுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உங்களுக்கு இரண்டு லட்சம்கூடத் தேவைப்படாது. அந்தப் பட்டியலில் உள்ள ஏழில் உங்கள் பாதைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, டயர். அதுவும் கடைக்காரர் சொன்ன ரகம் அல்ல. நிஜமாகவே வேண்டிய இரண்டு மூன்று சாமான்கள் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 8,000 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு, ஆளைக் குலுக்கி எடுக்கும் கல் பாதையில், நாள் தவறாமல் ஏறி இறங்குகின்றன. பட்டை ஸ்பிரிங் வைத்த பழைய மகிந்திரா வண்டிகள். அவற்றில் ஸ்நார்க்கலும் கிடையாது, லைட் பாரும் கிடையாது. நல்ல டயர், லோ ரேஞ்ச் கியர், சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று தெரிந்த டிரைவர், இவ்வளவுதான். உங்கள் தார் அவற்றைவிடப் பல மடங்கு வசதியோடு கம்பெனியிலிருந்தே வந்திருக்கிறது. 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் திறன், லோ ரேஞ்ச் எல்லாம் அதில் உண்டு. பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்கிறதா என்று உங்கள் வண்டிக் கையேட்டைப் பாருங்கள். இருந்தால், சிக்கிய இடத்தில் ஒரு சக்கரம் வெறுமனே சுற்றுகிறதே என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அது கொஞ்சம் சுற்றினால்தான் லாக் விழும். ஆக்சிலரேட்டரை உலுக்காமல், மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். அடுத்த சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

டயருக்கு வருகிறேன். எம்.டி. (மட் டெரெய்ன்) டயர் ஆழமான சகதியில் நன்றாகக் கடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நீங்கள் சேற்றில் ஓட்டப்போவது நாலு கிலோமீட்டர். மிச்சமெல்லாம் தேசிய நெடுஞ்சாலை 85, அதில் போடிமெட்டு மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் நனைந்த தார்ச்சாலையில் எம்.டி. டயரின் பெரிய ரப்பர்க் கட்டைகளுக்கு ஒட்டுதல் குறைவு. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் கூடும். இரைச்சலும் வேறு. உங்களுக்கு நல்ல ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் போதும், பக்கச்சுவர் கெட்டியான ரகமாக, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே மாதிரி வாங்குங்கள்.

அளவைப் பெரிதாக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். எல்எக்ஸில் கம்பெனி கொடுப்பது 255/65 ஆர்18. விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். 285/65 ஆர்18 போட்டால் 828. வித்தியாசம் 39 மில்லிமீட்டர். அதில் பாதிதான் வண்டிக்கு அடியில் சேரும், ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். அந்தச் சிறு உயரத்துக்காக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசும் வாய்ப்பு, கனம் கூடுவதால் பிரேக்குக்கு வேலை, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் பாரத்தால் கீலுக்குச் சுமை, எல்லாம் கூடவே வரும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 105 ஆக இருக்கும். கியரும் அதே அளவு இழுவை குறைந்த மாதிரி நடந்துகொள்ளும். மேடேறும் வண்டிக்கு இது நஷ்டம்.

அளவைவிடப் பெரிய விஷயம் காற்று. சேற்றில் சிக்கிய இரண்டு தடவையும் டயரில் காற்று இறக்கிப் பார்த்தீர்களா? தார்ச்சாலைக்கு வைக்கும் அழுத்தத்தோடு செம்மண் சகதியில் இறங்கினால் டயர் கல்லாக நின்று குழி பறிக்கும். 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து தரையை அதிகமாகப் பிடிக்கும். பல நேரம் இதிலேயே வண்டி தானாக ஏறி வந்துவிடும். 15க்குக் கீழே போகாதீர்கள், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டு விலகிவிடும். கூர்மையான கல் இருக்கும் இடத்தில் நிதானமாக ஓட்டுங்கள். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர்தான் முதலில் கிழியும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் காற்றைப் பழையபடி ஏற்றியே ஆக வேண்டும். அதற்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்றும் அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். கடைக்காரர் சொன்ன எல்லாவற்றையும்விட இந்த இரண்டும் உங்களுக்கு அதிகம் உதவும்.

சங்கிலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. தயவுசெய்து இனி சங்கிலி வேண்டாம். இரும்புச் சங்கிலி நெகிழாது. வெட்டி இழுக்கும்போது மொத்த அதிர்ச்சியும் ஒரு கண்ணியில் விழுந்து, அது தெறித்தால் கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். இதற்கென்றே நெகிழும் பெல்ட்டும் கைனெடிக் கயிறும் கிடைக்கின்றன. அவை 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, மறுபடி சுருங்கும் விசையில் சிக்கிய வண்டியை மெல்லப் பிடுங்கி எடுக்கும். அவற்றோடு இழுவை அளவு பொறித்த 4.75 டன் ஷேக்கிள் இரண்டு. மாட்டும் இடம் சேஸிஸோடு சேர்ந்த கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் ஒருபோதும் கயிறு போடாதீர்கள். அது உடைந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான சாக்கையோ ஜமுக்காளத்தையோ போட்டு வையுங்கள், அறுந்தால் வீச்சு தணியும். தோட்டத்து ஆட்கள் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கட்டும். உதவி செய்ய ஓடி வருகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு மண்வெட்டியும், சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் ட்ராக்ஷன் போர்டு ஒரு ஜோடியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த செலவு வண்டியின் வயிற்றுக்கு. உங்கள் பாதையில் கல் இருக்கிறது. என்ஜின் சம்ப், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் டேங்க் ஆகியவற்றுக்கு அடியில் இரும்பு ஸ்கிட் பிளேட் போடுங்கள். கழுவும்போது சேறு வெளியேற ஓட்டையும், ஆயில் மாற்ற வழியும் இருக்கிற பிளேட்டாகப் பாருங்கள். பக்கவாட்டில் ராக் ஸ்லைடர் வேண்டுமானால் அது சேஸிஸில் போல்ட் செய்ததாக இருக்க வேண்டும். கடைகளில் அதே தோற்றத்தில் கிடைக்கும் ஃபுட் ஸ்டெப் பாடியில் மாட்டுவது; கல்லில் இடித்தால் பாடியையும் சேர்த்து நசுக்கும், ஜாக்கியும் வைக்க முடியாது.

லிஃப்ட் கிட் வேண்டாம். இரண்டு இஞ்ச் தூக்கினால் பாடி உயரும், பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் உங்கள் வண்டிக்குப் பின்னால் இருப்பது ஒரே துண்டு ஆக்சில். அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் முதலில் கல்லில் தட்டும். எவ்வளவு லிஃப்ட் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போகாது. முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். தூக்கினால் ஆக்சில் ஷாஃப்ட் சாய்ந்து, ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, ஜாயின்ட் தேயும். கம்பெனி உயரத்துக்காக அமைத்த ஈ.எஸ்.பி. கணக்கும் மாறும். வளைவுகளில் வண்டி கூடுதலாகச் சாயும். நீங்கள் மலையிறங்குகிறவர்.

ஸ்நார்க்கலும் தேவையில்லை. முழங்கால் தண்ணீர் 650 மில்லிமீட்டருக்குள்தான். ஓடையில் இறங்குமுன் ஒரு ஆளை முன்னே நடக்கவிட்டு ஆழம் பாருங்கள்; ஓட்டம் வலுத்திருந்தால் முழங்கால் அளவானாலும் இறங்காதீர்கள், கரையில் காத்திருங்கள். உள்ளே லோ ரேஞ்சில் மெதுவாக, நிறுத்தாமல் போங்கள். காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நடுவில் என்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் போட்டுப் பார்க்கவே கூடாது, இழுத்து வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இந்தச் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது. ‘என்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாலிசி எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வின்ச் நல்ல கருவி, நான் அதற்கு எதிரி இல்லை. தனியாக, பக்கத்தில் இன்னொரு வண்டியே இல்லாத காட்டுப்பாதையில் போகிறவருக்கு அது வேண்டும். உங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்து ஜீப் இருக்கிறது. 9,500 பவுண்டு வின்ச் ஒன்று சுமார் 4,300 கிலோ இழுக்கும் என்பது உருளையில் கயிறு முதல் சுற்றில் இருக்கும்போது மட்டும்தான்; மேல் சுற்றுகளில் குறைந்துகொண்டே வரும். முழு இழுவையில் 400 ஆம்பியர் வரை பேட்டரியை உறிஞ்சும். அதைத் தாங்க இரும்பு பம்பர், அதன் பாரத்துக்கு முன் ஸ்பிரிங் என்று செலவு ஒன்றைத் தொட்டு ஒன்றாக வளரும்.

லைட் பாரைப் பற்றி ஒன்று மட்டும். போடிமெட்டு மூடுபனியில் கூரை உயரத்து வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும்; எதிரே வருகிறவரையும் குருடாக்கும். தாழ்வாக இருக்கும் மஞ்சள் ஃபாக் லைட்தான் பனிக்கு உதவும். எந்த விளக்கானாலும் ரிலே, ஃபியூஸ் வைத்துத் தனி ஒயரிங் போடச் சொல்லுங்கள். 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதைக் கம்பெனி ஒயரைச் சீவி முறுக்கி இணைத்தால் வாரண்டி மட்டுமல்ல, வண்டியே தீயில் போகலாம். கேரியர் வேண்டாம், ஹார்டு டாப் பாரம் ஏற்றும் கூரை அல்ல.

இனி சட்டம். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் கேரளாவில் மட்டும் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 நாடு முழுமைக்கும் பொது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, பிரிவு 182ஏ-இல், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரும்பு பம்பர், புல் பார் ஆகியவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. காரணம் நியாயமானது. கம்பெனி பம்பர் நசுங்கி மோதலின் விசையை வாங்கிக்கொள்ளும், ஏர்பேக் அந்தக் கணக்கில்தான் விரியும். இரும்புக் குழாய் நசுங்காது. விசை நேராக உள்ளே இருப்பவர் மேல் வரும். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் பிழைப்பது கஷ்டம். உங்கள் சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களும் ஓரத்தில் நடக்கிறார்கள். அபராதமே இல்லாவிட்டாலும் அதை நான் மாட்டச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் செய்யும் மாற்றம் எதுவானாலும் பில் வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். கம்பெனி ஆக்சஸரியாகவே கிடைப்பதை முதலில் விசாரியுங்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். மே மாதத்துக்குள் டயரும் ஸ்கிட் பிளேட்டும் போட்டுவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ந்த தரையில், பக்கத்துத் தோட்டத்து டிரைவரையும் கூப்பிட்டுவைத்து, காற்று இறக்கி ஏற்றுவதையும் பெல்ட் போட்டு இழுப்பதையும் இருவருமாகப் பழகுங்கள். அந்தச் சங்கிலியை அன்றைக்கே ஜீப்பிலிருந்து இறக்கச் சொல்லிவிடுங்கள்.